கல்லில் நட்ட கொடி

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. குவாரியில் எல்லோரும் அவளைக் கிழக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்முனையில் நின்றவள் மேற்கு. "கிழக்கு இன்னிக்கு லீவா?" "மேற்கு வீட்ல தண்ணி பிடிச்சாச்சா?" என்றெல்லாம் பேசும்போது அங்கே யாருக்கும் சிரிப்பு வராது. பழகிப் போயிருந்தது.

அவர்கள் வேலை கொடி பிடிப்பது. மதியம் பன்னிரண்டுக்கு ஒரு முறை, மாலை நான்குக்கு ஒரு முறை மலையில் வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் குவாரிச் சாலையின் இரண்டு முனைகளிலும் ஆள் நின்று வண்டிகளை நிறுத்த வேண்டும். மேற்கு முனையில் சாலை காலி என்று பார்த்த பிறகு அங்கே சிவப்புக் கொடி உயரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிழக்கில் கொடி உயரலாம். இரண்டும் நிற்பதைப் பார்த்து, நடுவில் இரும்பு அறைக்குள் இருக்கும் வெடிக்காரர் பொத்தானை அமுக்குவார். இரண்டு கொடிக்கும் நடுவே அரை மைல் தூரம்.

நாடு முடிகிற இடம் அது. மலைக்கு அந்தப் பக்கம் சாலை கிடையாது, முள்வேலிதான். வருடத்தில் ஒன்பது மாதம் காற்று அடிக்கும். வீட்டுத் தகரக் கூரைகள் பறந்து போகாமல் இருக்க மேலே கல்லை ஏற்றி வைத்திருப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் லாரி, வெள்ளிக்கிழமை ஒரே ஒரு பஸ். துளை போடும் இயந்திரம் கிளப்புகிற வெள்ளைத் தூசி சாப்பாட்டுத் தட்டிலும் இருக்கும், படுக்கையிலும் இருக்கும், ஆண்களின் நெஞ்சுக்குள்ளும் இருக்கும்.

கிழக்கு பத்தொன்பது வயதில் ஒரு துளைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே வந்து இறங்கினாள். ஐந்து வருடம் கழித்துக் கொடிக்கு ஆள் தேடினார்கள். நின்ற இடத்தில் நின்று துணியைத் தூக்குவதெல்லாம் ஆம்பளை வேலையா என்று ஆண்கள் ஒருவரும் வரவில்லை. அவள் போனாள். படித்தது எட்டாவது வரைதான். ஆனால் பொட்டலம் மடித்து வந்த பழைய செய்தித்தாளைக்கூட நீவி விட்டுப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. படித்ததால் கேள்வியும் கேட்பாள். ஒரு முறை பாறை சரிந்து இரண்டு பேர் செத்தபோது, "என்ன பண்றது, விதி" என்றார் மேஸ்திரி. "விதி இல்லண்ணே, வலை கட்டல" என்றாள் கிழக்கு. மேஸ்திரி அவள் நாத்தனாரின் கணவர். அந்த உறவு மட்டும் இல்லாவிட்டால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

மேற்கு ஒரு கல் லாரிக்காரரின் மனைவி. அவள் கொடிக்கு வந்து நான்கு வருடம். எச்சரிக்கைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் பத்து நிமிடம் இருவரும் சும்மா நிற்க வேண்டியிருக்கும். காற்றில் கத்திப் பிரயோசனம் இல்லை. அதனால் கொடியிலேயே பேசத் தொடங்கினார்கள். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்தால் கால் வலிக்கிறது. தலையில் முண்டாசு மாதிரிச் சுற்றினால் மேஸ்திரி வருகிறார். அந்த முண்டாசைப் பார்த்துக் கிழக்கு தனியாக நின்று சிரிப்பாள். எதற்கு இவள் சிரிக்கிறாள் என்று நிறுத்தி வைத்த வண்டிக்காரர்கள் விழிப்பார்கள்.

ஒரு நாள் மேற்குக் கொடி இடது கையில் உயர்ந்தது. அரை மைல் தள்ளி நின்ற கிழக்குக்கு அது போதுமானதாக இருந்தது. வெடி முடிந்து தூசி அடங்குவதற்குள் நடுச் சாலைக்கு வந்துவிட்டாள். மேற்கின் வலது கையில் இரண்டு விரல்கள் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

"என்னடி இது?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"கதவு குடிச்சிருந்துச்சா?"

மேற்கு முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள். அந்த விரல்களோடு அவள் ஆறு வாரம் கொடி பிடித்தாள். குடியிருப்பில் நாற்பது வீடுகள் இருந்தன. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர்தான், தும்மினால் கேட்கும். நாற்பது வீட்டிலிருந்தும் ஒருவர்கூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கட்டுப் போட்டுவிட்டது கிழக்கு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான். ஆறு வாரம் தினமும் தலை பின்னிவிட்டாள். அந்த ஆறு வாரத்தில் எந்த நாள் என்று இருவருக்குமே சொல்லத் தெரியாது. பின்னிய கை தலையிலேயே நின்றுவிட்டது, மேற்கு திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் விளக்கம் எதற்கு? இரண்டு பேரும் கல்யாணமானவர்கள். இரண்டு பேர் முகத்தையும் அன்றுவரை ஒருவரும் முத்தம் கொடுப்பதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. வெடிக்கு ஒதுங்குகிற இரும்பு அறை, புழுதிக் காற்று அடிக்கிற நாட்கள், இதுதான் அவர்களுக்குக் கிடைத்த இடமும் நேரமும். அப்படி ஒரு புழுதி நாளில் நாத்தனார் காற்றுக்குப் பயந்து அந்த அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு புழுதிக்குள்ளேயே திரும்பி ஓடினாள். அன்று அடித்த காற்றைவிட வேகமாகச் செய்தி நாற்பது வீட்டுக்கும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கேண்டீன் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பாறை சரிந்து இரண்டு பேர் செத்தபோது அந்தக் கொட்டகையில் யாரும் கூடவில்லை. இப்போது உட்கார பெஞ்சு போதவில்லை. வேறு ஊரில் இரண்டாவது குடும்பம் வைத்திருந்த, ஜல்லி அரைக்கும் கிரஷர்க்காரர் முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நம்ம குடியிருப்போட மானப் பிரச்சினை" என்று ஆரம்பித்தார் மேஸ்திரி.

"எந்த மானம்ண்ணே?" என்றாள் கிழக்கு. "இவ விரல் உடைஞ்சப்போ அது எங்க போயிருந்துச்சு? லீவுலயா?"

லாரிக்காரர் எழுந்தார். "என் பொண்டாட்டி. அடிப்பேன், அணைப்பேன். நீ யாரு கேக்க?"

"அணைச்சீங்களா? எப்போ?" என்றாள் மேற்கு. "எனக்கு ஞாபகமே இல்லையே."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்கள். நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என் தம்பி தலையில இப்படியா எழுதியிருக்கணும்? ஒரு புள்ளயப் பெத்துக் கொடுக்க வக்கில்ல, இதுல இந்தக் கூத்து வேற!"

"அண்ணி, உங்க தம்பி பதினாலு வருஷமா ராத்திரி பூரா இருமுறாரு. நான்தான் முதுகத் தடவிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு ஒரு நாளாவது கூட்டம் போட்டீங்களா?"

துளைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. நல்லவராக இருப்பதற்குத் தேவையான முதுகெலும்பு அவரிடம் இல்லை, அவ்வளவுதான். "ஊரு சிரிக்குதுடி" என்று மெதுவாகச் சொன்னார்.

"சிரிக்கட்டும். அழுதப்போ யாரும் எட்டிப் பாக்கலல்ல?"

"இயற்கைக்கே விரோதம்ங்க இதெல்லாம்" என்றார் இரண்டாவது குடும்பம் வைத்திருந்த கிரஷர்க்காரர்.

அதுவரை சுவரோரமாகப் பீடி பிடித்துக்கொண்டிருந்த வெடிக்காரர் புகையை விட்டார். "தினம் ரெண்டு தடவ மலைய உடைக்கிறோம். இயற்கையப் பத்தி நாம பேச வேணாம்யா."

பேசி முடித்தபோது தீர்ப்பு ஏற்கெனவே தயாராக இருந்தது தெரிந்தது. மேற்கு இனிமேல் கொடிக்குப் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் லாரிக்காரர் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அதுவரை வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. கிழக்கைத் துளைக்காரர் 'கண்டித்து வைக்க' வேண்டும். மேற்கின் இடத்தில் மேஸ்திரி தன் தம்பியைப் போட்டார். நாற்பது வயசு ஆள், வேலைக்கு வேலை தாவியவர், எங்கே சாய்ந்தாலும் தூங்குவார் என்று பெயரெடுத்தவர்.

மறுநாள் மதியம் கிழக்கு தன் முனையில் நின்றாள். சங்கு ஊதியது. எதிரே சிவப்பு உயர்ந்தது. அவள் கொடியைத் தூக்கப் போனாள், கை பாதியில் நின்றது.

கொடியைப் பிடிப்பது கையாக இருந்தால் அது காற்றோடு மல்லுக்கு நிற்கும். சாயும், நிமிரும். கொஞ்ச நேரத்தில் தோள் கடுத்து ஆள் கை மாற்றும்போது ஒரு முழம் இறங்கி மறுபடி ஏறும். நான்கு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். எந்தக் கை, எவ்வளவு களைப்பு, சாப்பிட்ட கையா சாப்பிடாத கையா என்றுகூட அவளுக்குத் தெரியும். இந்தக் கொடி இறங்கவே இல்லை. காற்று சொன்ன பக்கம் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஆள் இல்லை.

அவள் கொடியைச் சுருட்டித் தரையில் ஊன்றினாள். அதைப் பார்த்த வெடிக்காரர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். கால் மணி நேரத்தில் மேஸ்திரியின் ஜீப் அவள் முன்னால் வந்து நின்றது.

"என்ன, கொடி கனக்குதா?"

"அங்க ஆள் இல்லண்ணே. கொடியக் கல்லுக்கு நடுவுல நட்டு வச்சிருக்கு."

"அரை மைலுக்கு அந்தாண்ட இருக்கறது உனக்குத் தெரியுதா? கண்ணா, தொலைநோக்கியா?"

"தெரியுது."

"எனக்கும் தெரியும், உனக்கு என்ன நோவுன்னு. அவ இல்லாம கை தூக்க மனசு வரல. அதான?" மேஸ்திரி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "குடு இங்க. ஒரு துணியத் தூக்கறதுக்கு இவ்வளவு சீன்!"

கொடிக்காக இருவரும் இழுபறி நடத்தினார்கள். அவர் கை பலமான கைதான். ஆனால் அவள் விடவில்லை. "சாலையில யாராவது செத்தா உங்க தம்பி வந்து உயிர் குடுப்பாரா? நான் தூக்க மாட்டேன். எம் மேல என்ன வேணா சொல்லிக்குங்க. ஆள் இல்லாத கொடிக்கு நான் பதில் கொடி காட்ட மாட்டேன்!"

அவள் சொல்லி முடிக்கவில்லை. மேற்கு வளைவில் தூசி எழும்பியது. நட்டு வைத்த கொடியைத் தாண்டி, யாரும் நிறுத்தாததால் யாருக்கும் நிற்காமல், இரண்டாம் ஷிஃப்ட் வண்டி வெடி வைத்த பாறைக்கு நேர் கீழே ஆடி அசைந்து வந்தது. உள்ளே பதினேழு பேர். முன் சீட்டில் ஓட்டுநரோடு வெற்றிலை மென்று பேசிக்கொண்டிருந்தவர் கிரஷர்க்காரர்.

மேஸ்திரியின் கை கொடியிலிருந்து தானாகக் கழன்றது. அவருடைய தம்பியைத் தண்ணீர்த் தொட்டி நிழலிலிருந்து எழுப்பித்தான் கூட்டி வர வேண்டியிருந்தது.

அன்று மாலை மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார், பாராட்டினார், ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு என்றார்.

"கடிகாரம் வேணாம் சார். மேற்க மறுபடி கொடிக்குப் போடுங்க. வெள்ளிக்கிழமை அவள பஸ் ஏத்தக் கூடாது."

மேலாளர் பேனாவை உருட்டினார். "அது உங்க குடும்ப விஷயம்மா. கம்பெனி தலையிடாது."

அவளுக்கு உச்சந்தலைவரை ஏறியது. "நேத்து அவள வேலைய விட்டு எடுத்தது யாரு சார்? எங்க மாமியாரா? எடுக்கறப்போ கம்பெனி. திருப்பிக் கேட்டா குடும்பமா?" கொடியை மேஜை மேல் வைத்தாள். "அப்போ இது இங்கயே இருக்கட்டும். நாளைக்கு நீங்களே பிடிங்க."

பிடிக்க ஆள் கிடைத்தது. ஆனால் வெடிக்காரர் மசியவில்லை. பயிற்சிச் சீட்டு இல்லாத கை பிடிக்கும் கொடியை நம்பித் தன்னால் பொத்தான் அமுக்க முடியாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். முந்தின நாள் அவரும் தூங்குமூஞ்சியின் கொடியை ஒன்றும் சொல்லாமல் ஒப்புக்கொண்டவர்தான். பதினேழு பேர் வண்டி அவர் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. சீட்டுக் கொடுக்கிற பாதுகாப்பு அதிகாரி நகரத்திலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். மலை உடையவில்லை. கிரஷர் நின்றது, லாரிகள் வரிசையாக நின்றன. செவ்வாய் போனது, புதன் போனது. குழாயடியில் பெண்கள் அவளுக்கு இடம் விடவில்லை. ஆனால் ஒருத்தி, அந்த வண்டியில் கணவனையும் தம்பியையும் அனுப்பியிருந்தவள், யாரையும் பார்க்காமல் அவள் குடத்தை நிரப்பி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவு தைரியம்தான் அந்த ஊரில் ஆளுக்குக் கிடைத்தது.

வேலை இல்லாத அந்த இரண்டு நாளில் கிழக்கு குவாரியின் விதிப் புத்தகத்தை வெடிக்காரரிடம் வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். யாரும் படிக்காததால் புத்தம் புதிதாக இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. கொடி ஊழியர் இருவருக்கும் பணியிடத்துக்கு அருகே கம்பெனி ஓர் அறை தர வேண்டும். ஆளுக்கு ஓர் அறை கட்டினால் செலவு என்று எந்தக் காலத்திலோ எந்தக் கஞ்சனோ எழுதியது. பெண்கள் கொடிக்கு வந்த பிறகு அதையும் யாரும் கொடுக்கவில்லை. அவர்களுக்குத்தான் புருஷன் வீடு இருக்கிறதே!

வியாழக்கிழமை மேலாளர் இறங்கி வந்தார். சரி, இரண்டு பேரும் கொடிக்குத் திரும்பட்டும் என்றார். கிழக்கு புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்தார், மறுபடி படித்தார்.

"ஒரே அறைதான்மா போட்டிருக்கு."

"ஆமா சார். நாங்க அனுசரிச்சுக்கறோம்."

வெளியே நின்ற வெடிக்காரருக்குப் புரையேறிவிட்டது.

அன்று மாலை அவள் பெட்டியைக் கட்டும்போது துளைக்காரர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ என் கதி?"

"அடுப்பு அதே இடத்துலதான் இருக்கு. மருந்து தகர டப்பாவுல. ஒரு நாளைக்கு மூணு வேளை." பெட்டியை மூடினாள். "முகமூடி கேளுங்க. உங்களுக்குத் தரணும்னு அந்தப் புத்தகத்துல இருக்கு. பக்கம் நாப்பத்தி நாலு. எனக்காகக் கேக்கலன்னாலும் உங்களுக்காகவாவது வாயத் திறங்க."

வெள்ளிக்கிழமை மதியம் அவள் கிழக்கு முனையில் நின்றாள். மேற்கு கொடிக்கு வருவாளா என்பது அந்த நிமிடம்வரை அவளுக்குத் தெரியாது. கம்பெனி சொன்னாலும் கதவுச் சாவி லாரிக்காரரிடம்தானே இருந்தது! பஸ் குடியிருப்பிலிருந்து கிளம்பி மேற்கு முனைக்கு வந்துகொண்டிருந்தது. சங்கு ஊதியது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு சிவப்பு உயர்ந்தது. சாய்ந்தது, நிமிர்ந்தது, காற்றோடு சண்டை போட்டது.

பஸ் அந்தக் கொடிக்கு முன்னால் நின்றது. நின்ற பஸ்ஸிலிருந்து ஓர் ஆள் குதித்துக் கொடியை நோக்கி ஓடுவது தெரிந்தது.

அரை மைலுக்கு இப்பால் கிழக்கு நின்றாள். ஓடிப் போக முடியாது. கையில் இருப்பதை இறக்க முடியாது. பின்னால் ஆறு லாரிகள், மேலே வெடிமருந்து ஏற்றிய பாறை. மேற்குக் கொடி நிற்கிறது, அதனால் விதிப்படி அவள் கொடியும் நிற்க வேண்டும். அவள் தூக்கினாள். அவ்வளவு கனமாக அது என்றைக்கும் இருந்ததில்லை. எதிரே இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று நெருங்கின. கொடி ஒரு முழம் இறங்கியது. அப்புறம் ஏறியது, இடது கையில்.

மலை அதிர்ந்தது. தூசி எல்லாவற்றையும் மூடியது.

தூசி அடங்கி, சங்கு மறுபடி ஊதியபோது பஸ் அவளைத் தாண்டி வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்தது. சாலை நடுவில் ஒருத்தி பெட்டியும் கொடியுமாக நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"சாவி?" என்றாள் கிழக்கு முதல் வேலையாக.

"வெடிக்காரர் வந்து கதவத் தட்டினாரு. கொடிக்கு ஆள் வராம நான் மருந்து ஏத்த மாட்டேன்னாரு. வெளிய லாரிக்காரங்க எல்லாம் ஹார்ன் அடிக்கிறாங்க, மூணு நாள் வண்டி ஓடலல்ல. இந்த மனுஷன் திறந்து விட்டுட்டு, பஸ்ல வந்து வழியில அள்ளிப் போட்டுக்கலாம்னு பெட்டியோட ஏறிட்டாரு."

"கைய வச்சானா?"

"தோளப் புடிச்சு இழுத்தாரு. உடனே பஸ்ல இருந்து எல்லாரும் கத்தறாங்க, 'யோவ், கொடி மேல கை வைக்காதய்யா, செத்துருவோம்'னு. டிரைவர் எறங்கி வந்து இவர் கையப் புடிச்சு முறுக்கி உக்கார வச்சிட்டாரு. பஸ் கிளம்பறப்போ பெட்டிய எறக்கி எங்கிட்ட குடுத்துட்டு, அவர அப்படியே ஏத்திட்டுப் போயிட்டாரு."

கிழக்கு சிரிக்கவில்லை. "கொடியக் காப்பாத்தத்தான் கத்தினாங்க" என்றாள். "உனக்காக இல்ல."

"தெரியும்."

"ஞாயித்துக்கிழம அந்தக் கொட்டகையில ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இப்படிக் கத்தியிருந்தா..."

"தெரியும்டி. கத்தல." மேற்கு பெட்டியைத் தூக்கினாள். "அவரு அடுத்த வெள்ளிக்கிழம திரும்பி வருவாரு. அந்த அறையில தாழ்ப்பாள் இருக்கா?"

அன்று காலைதான் கம்பெனி அந்த அறையை ஒதுக்கியிருந்தது. அவர்கள் போய்ப் பார்த்தார்கள். வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. மேற்கு பெட்டியை இறக்கி வைப்பதற்குள் கிழக்கு விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, உள்தாழ்ப்பாள் கேட்க ஸ்டோர் ரூமுக்கு நடந்தாள்.